ஜூன் மாதத்தில் வீட்டுக்குப் போக வேண்டிய சேதி

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் இரண்டு வாரங்களில் ஒரு தொடக்கப் பள்ளிக்கும் அங்கே படிக்கும் குழந்தைகளின் வீடுகளுக்கும் இடையே நடக்கும் தகவல் போக்குவரத்தைக் கவனித்தால், அதில் பெரும்பகுதி வீட்டிலிருந்து பள்ளிக்குத்தான் போகிறது. ஆதார் நகல், சாதிச் சான்றிதழ், வங்கிக் கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கம், இரத்த வகை, கைப்பேசி எண் என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கி, மாணவர் விவரங்களைப் பதியும் எமிஸ் தளத்தில் ஏற்ற வேண்டியதை ஆசிரியர்கள் ஏற்றுகிறார்கள். பள்ளியிலிருந்து வீட்டுக்கு வருவது சிறு பட்டியல்: திறக்கும் தேதி, வகுப்பு நேரம், சீருடை, பெற்றோர் கூட்டம் நடக்கும் நாள். இவை தேவையானவையே. ஆனால் குழந்தை இந்த ஆண்டு என்ன கற்கப் போகிறது, இப்போது எந்த நிலையில் இருக்கிறது, அதற்கு வீட்டில் என்ன செய்யலாம், சிக்கல் என்றால் யாரிடம் எந்த நேரத்தில் பேசலாம் ஆகிய நான்கும் வழக்கமான ஜூன் மாத நடைமுறையில் இடம்பெறுவதில்லை. ஆண்டின் தொடக்கத்தில் பெற்றோருக்குத் தகவல் சொல்வது என்றால் முதலில் இந்த நான்கையும் சொல்வதுதான் என்பதும், மற்ற அறிவிப்புகள் எத்தனை இருந்தாலும் இவற்றின் இடத்தை நிரப்பாது என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

சேதியைக் கொண்டுசேர்க்க வழியில்லாததால் இப்படி நடக்கிறது என்று சொல்ல முடியாது. 2023-இல் வெயில் தணியாததால் பள்ளித் திறப்பு தள்ளிப்போய், 6 முதல் 12 வரையிலான வகுப்புகள் ஜூன் 12 அன்றும், தொடக்க வகுப்புகள் ஜூன் 14 அன்றும் தொடங்கின. அடுத்த ஆண்டு ஜூன் 6 என்று அறிவித்த தேதி ஜூன் 10-க்கு மாறியது. தொலைக்காட்சியும் வாட்ஸ்அப்பும் இந்த மாற்றங்களை அன்றன்றைக்கே ஊர் முழுக்கக் கொண்டுபோய்விட்டன. எல்லோருக்கும் பொதுவான ஒரு வரிச் செய்தியைச் சேர்ப்பதில் நம் பள்ளிக் கல்வித் துறைக்கு இன்று பெரிய தடை ஏதும் இல்லை. ஒரு குழந்தையைப் பற்றி அந்தக் குழந்தையின் வீட்டாருக்குச் சொல்ல வேண்டியதில்தான் இடைவெளி விழுகிறது.

சட்டம் இதில் தெளிவாகவே பேசுகிறது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள கல்வி உரிமைச் சட்டத்தின் 24-ஆம் பிரிவு ஆசிரியரின் கடமைகளை வரிசைப்படுத்துகிறது. நேரத்துக்குப் பள்ளிக்கு வருவது, பாடத்திட்டத்தை முடிப்பது ஆகியவற்றோடு, பெற்றோரை முறையாகச் சந்தித்துக் குழந்தையின் வருகை, கற்கும் திறன், கற்றலில் கண்ட முன்னேற்றம் ஆகியவற்றைத் தெரிவிப்பதையும் ஒரு கடமையாக அது வைக்கிறது. அதே சட்டத்தின் 21-ஆம் பிரிவு பள்ளி மேலாண்மைக் குழுவை அமைக்கச் சொல்கிறது. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும், பாதிப் பேர் பெண்களாகவும் இருக்க வேண்டும். தமிழ்நாட்டில் இக்குழுக்கள் 2022-இலும் 2024-இலும் மாநிலம் முழுக்க மறுகட்டமைப்பு செய்யப்பட்டன. அதற்குக் கிடைத்த விளம்பரத்தில் நூறில் ஒரு பங்குகூட 24-ஆம் பிரிவுக்குக் கிடைத்ததில்லை. 21-ஆம் பிரிவு பள்ளியைப் பற்றிப் பெற்றோர் கூடிப் பேச இடம் தருகிறது. 24-ஆம் பிரிவு ஒரு குழந்தையைப் பற்றி அதன் தாயிடமோ பாட்டியிடமோ ஆசிரியர் உட்கார்ந்து பேச வேண்டும் என்கிறது. ஊரைக் கூட்டுவது நமக்குக் கைவந்த கலை. இரண்டாவதில் பழக்கம் குறைவு.

இதற்கு வரலாற்றுக் காரணமும் உண்டு. 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது அதன் முதுகெலும்பாக இருந்தது ஊராரின் நெல்லும் காய்கறியும் பணமும். நெ. து. சுந்தரவடிவேலு கல்வி இயக்குநராக இருந்த 1950-களின் பிற்பகுதியில் நடந்த பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நாற்காலி, மணி, கூரை, நிலம் என்று ஊர் மக்களின் கொடையைப் பள்ளிக்குத் திருப்பின. தமிழ்நாட்டில் பள்ளிக்கூடம் பரவியதில் அந்த இயக்கத்தின் பங்கு பெரிது. அதன் வழியாக நமக்குள் நிலைத்த ஒரு மனப்பழக்கமும் உண்டு: பெற்றோர் என்றால் பள்ளிக்குக் கொடுப்பவர் அல்லது பள்ளியிடம் பெறுபவர். விலையில்லாப் பாடநூல், சீருடை, சத்துணவு ஆகியவற்றோடு, 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி 2023 ஆகஸ்டில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம் வரை, பெறுவதற்கான பட்டியல் நியாயமாகவே நீண்டிருக்கிறது. தன் பிள்ளையின் கல்வி நிலையைத் தெரிந்துகொள்ளும் உரிமை உடையவர் என்ற மூன்றாவது இடம் மட்டும் பெற்றோருக்கு இன்னும் வாய்க்கவில்லை.

ஜூன் மாதத்தை இவ்வளவு வற்புறுத்துவது ஏன்? ஆண்டின் எந்த மாதத்திலும் சொல்லலாமே என்ற கேள்வி நியாயமானது. தொடக்க வகுப்புகளில் ஆண்டு மூன்று பருவங்களாகப் பிரிந்து நடக்கிறது. முதல் பருவத்தின் தொகுத்தறி மதிப்பீடு செப்டம்பரில் வருகிறது. மதிப்பெண் அட்டை பெற்றோர் கைக்குப் போவது காலாண்டு விடுமுறை கழிந்த பிறகு. மூன்றாம் வகுப்புக்கு வந்த பிள்ளை இரண்டெழுத்துச் சொல்லைக்கூட வாசிக்கத் தடுமாறுகிறது என்பது ஆசிரியருக்கு ஜூன் மூன்றாம் வாரத்திலேயே தெரிந்துவிடுகிறது. வீட்டுக்கு அது அக்டோபரில்தான் தெரியும் என்றால், அதற்குள் ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அக்டோபரில் சொல்லும்போது அது தீர்ப்பாக வந்து விழுகிறது. ஜூனில் சொன்னால் திட்டமிடுவதற்கு இடம் இருக்கிறது. மேலும், ஆசிரியரிடமிருந்து வரும் முதல் பேச்சு புகாராக இல்லாமல் அறிமுகமாக இருக்க வாய்ப்புள்ள ஒரே மாதமும் இதுதான்.

பெற்றோருக்குத் தம் பிள்ளையைப் பற்றித் தெரியாதா என்று கேட்கலாம். பிள்ளையின் குணம் தெரியும். பள்ளிக்குள் அதன் நிலை தெரியாது என்பதைப் பல நாட்டு ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆப்பிரிக்க நாடான மலாவியில் ரெபெக்கா டைசன் ராஸ் நடத்திய ஆய்வு 2019-இல் வெளியானது. பிள்ளையின் கல்வி நிலை குறித்துப் பெற்றோர் நினைத்திருந்ததும் உண்மை நிலையும் வெகுவாக விலகியிருந்தன. சரியான நிலையைச் சொன்ன பிறகு, தொடக்க நிலை, நடுநிலை, உயர்நிலை என மூன்று வகைப் பயிற்சி நூல்களில் தம் பிள்ளைக்குப் பொருந்துவதைப் பெற்றோர் தேர்ந்தெடுத்தார்கள். படிப்பும் வசதியும் குறைந்த பெற்றோரின் கணிப்பில்தான் பிழை அதிகம் இருந்தது. அந்தப் பிழையைத் திருத்தியதும் தம் முடிவுகளை அதிகம் மாற்றிக்கொண்டவர்களும் அவர்களே. ‘படிக்காத பெற்றோரிடம் சொல்லி என்ன பயன்’ என்ற பேச்சுக்கு இதைவிட நேரான பதில் வேண்டியதில்லை.

வருகையைப் பற்றியும் இதே கதைதான். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் 28,000-க்கு மேற்பட்ட குடும்பங்களை வைத்து டாட் ராஜர்ஸும் அவி ஃபெல்லரும் செய்த ஆய்வு 2018-இல் வந்தது. தம் பிள்ளை எத்தனை நாள் வரவில்லை என்பதைப் பெற்றோர் குறைத்தே மதிப்பிட்டிருந்தனர். வராத நாள்களின் மொத்தக் கணக்கை அவ்வப்போது அஞ்சலில் அனுப்பியதற்கே, நீண்ட நாள் வராமலிருக்கும் மாணவர்களின் எண்ணிக்கை 10 விழுக்காடோ அதற்கு மேலோ குறைந்தது. இந்த ஆய்வில் நமக்கு மிகவும் வேண்டிய செய்தி ஒன்று உண்டு. ‘வகுப்பில் மற்ற பிள்ளைகள் இத்தனை நாள்தான் வரவில்லை’ என்ற ஒப்பீட்டைச் சேர்த்து அனுப்பியதால் கூடுதல் பலன் ஏதும் கிடைக்கவில்லை. மாற்றத்துக்குத் தன் பிள்ளையின் கணக்கே போதுமாக இருந்தது. அடுத்த வீட்டுப் பிள்ளையைக் காட்டிச் சூடேற்றும் நம் ஊர்ப் பெற்றோர் கூட்டங்கள் இதைக் கவனிக்க வேண்டும். சிலி நாட்டுத் தலைநகர் சாண்டியாகோவில், வசதி குறைந்த குடும்பங்களின் பிள்ளைகள் படிக்கும் பள்ளிகளில், வருகை, மதிப்பெண், நடத்தை ஆகியவற்றைக் குறுஞ்செய்தியாகப் பெற்றோருக்குத் தொடர்ந்து அனுப்பிப் பார்த்தார்கள். கணித மதிப்பெண்ணும் வருகையும் உயர்ந்தன. பாகிஸ்தானின் பஞ்சாப் மாகாணத்தில் 112 கிராமங்களில் நடந்த ஆய்வில், பாதிக் கிராமங்களில் பிள்ளையின் தேர்வு நிலையையும் ஊரிலுள்ள பள்ளிகளின் நிலையையும் அட்டையாக அச்சிட்டுப் பெற்றோரிடம் விளக்கிக் கொடுத்தனர். பிள்ளைகளின் கற்றல் உயர்ந்தது, தொடக்கப் பள்ளிச் சேர்க்கை கூடியது, தனியார் பள்ளிக் கட்டணம் 17 விழுக்காடு இறங்கியது.

இந்தச் சான்றுகளுக்கு எதிராக நம் நாட்டிலிருந்தே வலுவான ஒரு சான்று இருக்கிறது. உத்தரப் பிரதேசத்தின் ஜான்பூர் மாவட்டத்தில் அபிஜித் பானர்ஜி, ருக்மிணி பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்டோர் 280 கிராமங்களில் நடத்திய ஆய்வு 2010-இல் வெளியானது. அங்கே ஊர்க் கல்விக் குழு என்று ஒன்று இருப்பதே பெரும்பாலான பெற்றோருக்குத் தெரியவில்லை. தாம் அதில் உறுப்பினர் என்பதை அறியாத உறுப்பினர்களும் இருந்தார்கள். கூட்டம் போட்டு, குழுவின் அதிகாரங்களையும் பள்ளிக்கு வரும் நிதியையும் ஊராருக்கு விளக்கினார்கள். ஊர்ப் பிள்ளைகளின் வாசிப்புத் திறனைச் சோதித்து ஊரின் கற்றல் நிலையை ஒரு அட்டையில் எழுதவும் கற்றுக்கொடுத்தார்கள். இவை இரண்டாலும் பெற்றோரின் ஈடுபாடு கூடவில்லை, பள்ளியும் மாறவில்லை, பிள்ளைகளின் கற்றலும் உயரவில்லை. மூன்றாவதாக, உள்ளூர்த் தன்னார்வலர்களுக்கு வாசிப்பு சொல்லித்தரப் பயிற்சி கொடுத்து மாலை வகுப்பு நடத்திய ஊர்களில் மட்டும், அந்த வகுப்புக்கு வந்த பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள்.

ஆக, தகவலால் பயனில்லை என்று முடிவு கட்டலாமா? ஜான்பூரையும் பிலடெல்பியாவையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வேறுபாடு புலப்படுகிறது. ஜான்பூரில் பெற்றோருக்குச் சொன்னது அமைப்பைப் பற்றி; எதிர்பார்த்தது ஊர் கூடிப் பள்ளியை மாற்ற வேண்டும் என்பதை. அது ஒரு தனிக் குடும்பத்தின் கையில் இல்லாத காரியம். பிலடெல்பியாவில் சொன்னது ஒரு பிள்ளையைப் பற்றி. எதிர்பார்த்தது நாளைக் காலை அந்தப் பிள்ளையை எழுப்பிப் பள்ளிக்கு அனுப்புவதை. ஜான்பூரில் பலித்த மூன்றாவது முயற்சியும் இதே திசையைக் காட்டுகிறது: பிள்ளையை எங்கே அனுப்பினால் வாசிக்கப் பழகும் என்ற நேரான வழி கண்முன் இருந்தபோது பெற்றோர் அனுப்பினார்கள். தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வித் திட்டத்திலும் தன்னார்வலர் அதே தெருவைச் சேர்ந்தவர். அவர் நடத்தியது வீட்டுக்குப் பக்கத்திலேயே நடக்கும் மாலை வகுப்பு. எனவே பெற்றோருக்குச் சொல்லும் சேதிக்கு இரண்டு தகுதிகள் வேண்டும். அது அவர்களுடைய பிள்ளையைப் பற்றியதாக இருக்க வேண்டும்; அதைக் கேட்டு அவர்கள் செய்யக்கூடிய ஒரு காரியம் அதில் இருக்க வேண்டும்.

இந்த அளவுகோலை நம் வகுப்பறைக்குக் கொண்டுவருவோம். 2022 ஜூனில் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் பிள்ளைகளை அவர்களது கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என மூன்று குழுக்களாக்குகிறது. ஆசிரியருக்கு இது பழகிய கணக்கு. இரண்டாம் வகுப்பில் படிக்கும் தன் பெண் ‘அரும்பு’ என்று ஒரு தாய்க்குத் தெரியவந்தாலும், பூப்பெயர் அழகாக இருக்கிறது என்பதற்கு மேல் அதிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ள முடியாது. அதையே ஆசிரியர் இப்படிச் சொல்லலாம்: ‘உங்க பொண்ணு உயிர் எழுத்து எல்லாம் சொல்றா. உயிர்மெய்யில் க, ச, ட வரிசை தெரியுது. கொம்பு, சுழி வந்தா நிக்கிறா. கூட்டல் விரல் விட்டுப் பண்றா, பத்துக்கு மேல போனா தடுமாறுறா. சாயங்காலம் பத்து நிமிஷம் கடைப் பலகை, பஸ் பலகைன்னு எதையாவது எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லுங்க. சில்லறையை எண்ணச் சொல்லுங்க. நீங்க சொல்லித்தர வேண்டாம், பக்கத்தில உக்காந்து கேட்டா போதும். ஆகஸ்டுல மறுபடி பார்ப்போம்.’ இதைச் சொல்ல மூன்று நிமிடம் ஆகும். இதில் பிள்ளையின் நிலை இருக்கிறது, வீட்டுக்கு ஒரு வேலை இருக்கிறது, அடுத்த சந்திப்புக்கு ஒரு மாதமும் இருக்கிறது. தாய்க்கு எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் எழுத்தறிவில்லாதவர் என்பதை நினைத்தால், முதல் சேதி வாய்ச்சொல்லாகவே போக வேண்டும் என்பது விளங்கும்.

பிள்ளையின் நிலைக்கு அடுத்தபடியாகச் சொல்ல வேண்டியவை சில உண்டு. காலை உணவு எத்தனை மணிக்கு, அதற்குப் பிள்ளை எப்போது வந்து சேர வேண்டும். பிறப்புச் சான்றிதழோ மாற்றுச் சான்றிதழோ இல்லை என்பதற்காகச் சேர்க்கை மறுக்கப்படாது என்பது. பிள்ளைக்கு ஒவ்வாத உணவோ வலிப்பு, ஆஸ்துமா போன்ற தொல்லையோ இருந்தால் யாரிடம் சொல்வது. மாலையில் பிள்ளையை யார் அழைத்துப்போவார் என்பதை எப்படிப் பதிவது. பள்ளியில் தீராத குறைக்கு 14417 என்ற உதவி எண் உண்டு என்பது. ஒரு பக்கத்துக்குள் அடங்கும் இவற்றைப் பெரிய எழுத்தில் அடித்துப் பள்ளி வாசலில் ஒட்டிவிட்டால் கூட்ட நேரம் இதில் கரையாது.

யாரிடம் சொல்கிறோம் என்பதும் என்ன சொல்கிறோம் என்பதற்கு இணையானது. பள்ளிப் பதிவேட்டில் இருக்கும் எண் பல வீடுகளில் தந்தையின் கைப்பேசி எண். அவர் திருப்பூரில் பனியன் கம்பெனியிலோ கட்டட வேலையிலோ இருப்பார். பிள்ளையை வளர்ப்பவர் ஊரில் இருக்கும் பாட்டி. வாட்ஸ்அப்பில் அனுப்பிய சேதிக்கு இரண்டு நீல டிக் விழுந்துவிடும், பாட்டிக்கு ஒன்றும் தெரியாது. திருப்பூர், சென்னை, கோவை வட்டாரப் பள்ளிகளில் வட மாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் தமிழ்வழியில் படிக்கிறார்கள். அந்தத் தாய்மாருக்குத் தமிழில் வரும் சுற்றறிக்கை வெறும் தாள். வகுப்பில் இந்தியோ ஒடியாவோ தெரிந்த மூத்த மாணவர், அல்லது அதே குடியிருப்பில் தமிழ் பழகிய ஒருவர், முதல் சந்திப்புக்குத் துணை வரலாம். சேர்க்கைப் படிவத்தில் ‘பிள்ளையை அன்றாடம் பார்த்துக்கொள்பவர் யார், அவரை எந்த நேரத்தில் சந்திக்கலாம்’ என்று ஒரு வரி கூடுதலாக இருந்தால் இந்தச் சிக்கலில் பாதி அங்கேயே தீரும்.

ஆசிரியர்கள் முன்வைக்கும் தடை வேலைப்பளு. ஏராளமான தொடக்கப் பள்ளிகள் இரண்டு ஆசிரியர்களோடு ஐந்து வகுப்புகளை நடத்துகின்றன. ஜூன் மாதம் பதிவேற்றத்திலேயே கழிகிறது. இந்தக் குறையைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆனால் இத்தகைய பள்ளிகளில் பிள்ளைகளின் எண்ணிக்கையும் குறைவு. முப்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் ஆளுக்கு மூன்று, நான்கு நிமிடம் என்றால் மொத்தம் இரண்டு மணி நேரம். பிள்ளையை விட வரும் காலையிலும் அழைத்துப்போக வரும் மாலையிலும் பிரித்துக்கொண்டால் இரண்டு வாரத்தில் முடிகிற வேலை. ஆசிரியர் ஜூனில் செய்யும் அடிப்படை மதிப்பீடு ஏற்கெனவே கையில் இருப்பதால் புதிதாகத் தயாரிக்க ஒன்றுமில்லை. இந்த இரண்டு மணி நேரத்தைத் துறை உண்மையிலேயே விரும்பினால், அந்த இரண்டு வாரமாவது வேறு பதிவேற்றம் எதையும் கேட்காமல் இருக்க வேண்டும். ஆசிரியர் தலையில் ஒன்றைக் கூட்டும்போது மற்றொன்றை இறக்கியாக வேண்டும்.

இரண்டாவது தடை இன்னும் ஆழமானது. பிள்ளை பின்தங்கியிருக்கிறது என்று சொன்னால் வீட்டில் அடி விழும், அல்லது ‘இதுக்குப் படிப்பு ஏறாது’ என்று முத்திரை குத்திவிடுவார்கள் என்ற அச்சம் பல ஆசிரியர்களுக்கு உண்டு. அச்சம் பொய்யில்லை. ஆனால் அடி விழுவது பெரும்பாலும் சொல்லும் முறையால். மதிப்பெண்ணை மட்டும் கொடுத்து, அதை உயர்த்தும் வழியைக் கொடுக்காதபோது பெற்றோரின் கையில் எஞ்சுவது கோபம் மட்டுமே. பிள்ளைக்கு என்ன தெரியும் என்பதில் தொடங்கி, அடுத்து என்ன என்பதில் முடிக்கும் பேச்சில், தரவரிசையும் ஒப்பீடும் இல்லாத பேச்சில், அந்த ஆபத்து வெகுவாகக் குறைகிறது. நாலு பேர் முன்னிலையில் சொல்லக் கூடாது என்பதும் இதில் அடங்கும். கூட்டத்தில் பொதுவானதைப் பேசுவோம். பிள்ளையைப் பற்றியதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.

‘கூப்பிட்டாலும் வருவதில்லை’ என்பது மூன்றாவது. வேலை நாளில் காலை பதினொரு மணிக்குக் கூட்டம் வைத்தால் நூறு நாள் வேலைக்கும் மில் ஷிப்டுக்கும் போகிறவர்கள் ஒரு நாள் கூலியை இழந்துதான் வர முடியும். வந்தவர்களும் மணிக்கணக்கில் கேட்பது திட்டங்களின் பட்டியல், நன்கொடை வேண்டுகோள், கையெழுத்து வாங்கும் தாள். அடுத்த முறை அவர்கள் வராததை அக்கறையின்மை என்று எழுதிவிடுவது எளிது. தம் பிள்ளையைப் பற்றி உறுதியாக ஒரு சேதி கிடைக்கும் என்று தெரிந்தால், மாலை ஐந்து மணிக்கு மேலோ ஞாயிற்றுக்கிழமையோ வந்து நிற்கும் பெற்றோர் நம் ஊர்களில் ஏராளம்.

தனியார் பள்ளிகளில் நிலைமை தலைகீழாகத் தோன்றும். செயலி, டைரி, நாளொரு குறுஞ்செய்தி என்று தகவல் கொட்டுகிறது. கட்டணம் கட்டக் கடைசி நாள், நாளை மஞ்சள் நிற உடை, வெள்ளிக்கிழமைக்கு அட்டையில் செய்த வீடு ஆகியவற்றில் குழந்தை எங்கே? இந்தப் பெருக்கத்தில் வாசிப்பைப் பற்றிய ஒரு வரியைத் தேடியெடுக்க வேண்டியிருக்கிறது. கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காடு ஒதுக்கீட்டில் பிள்ளையைச் சேர்த்த குடும்பங்களுக்கோ, எதற்குப் பணம் கட்ட வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதே தெளிவாகச் சொல்லப்படுவதில்லை. அரசுப் பள்ளியில் சேதி குறைவு, தனியார் பள்ளியில் சேதி மிகுதி. பிள்ளையைப் பற்றிய பேச்சு இரண்டிலும் பஞ்சம்.

துறை செய்ய வேண்டியது பெரிய செலவு பிடிக்கும் காரியமல்ல. ஜூன் கடைசிக்குள் ஒவ்வொரு தொடக்கப் பள்ளிப் பிள்ளையின் வீட்டாரிடமும் ஆசிரியர் ஒருமுறை தனியாகப் பேசியாக வேண்டும் என்று 24-ஆம் பிரிவை மேற்கோள் காட்டி ஒரு சுற்றறிக்கை. அதற்கான நேரத்தை ஆசிரியருக்கு ஒதுக்கும் ஒரு ஆணை. பள்ளி மேலாண்மைக் குழுவின் ஜூலைக் கூட்டத்தில் எத்தனை வீட்டாரிடம் பேசியாயிற்று என்று கேட்கும் ஒரு கேள்வி. அதுவரை பெற்றோர் காத்திருக்கவும் தேவையில்லை. உங்கள் பிள்ளை தொடக்கப் பள்ளியில் இருந்தால், இந்த ஜூனில் ஆசிரியரைப் பார்த்து மூன்று கேள்வி கேளுங்கள்: என் பிள்ளைக்கு இப்போது என்ன தெரியும், அடுத்து என்ன தெரிய வேண்டும், அதற்கு வீட்டில் நான் என்ன செய்யட்டும்? பதில் சொல்வது ஆசிரியரின் சட்டப்படியான கடமை; கேட்பது உங்கள் உரிமை.